கூலன்ட் குறையுது, காலையில் மட்டும் மிஸ் அடிக்குது: ஹெட்டைக் கழற்றாமல் உறுதி செய்ய வழி உண்டா?

நாலுசிலிண்டர்:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2004 மாடல், 1.4 லிட்டர் பெட்ரோல். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட் (பிளாக் மேல உட்கார்ற, வால்வுகள் இருக்கிற பாகம்), டைமிங் பெல்ட், ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி இக்னிஷன் காயில். 1,62,000 கி.மீ. ஓடியிருக்கு. பிரச்சினைகளை அளவோட எழுதிடறேன்.

கூலன்ட் 1,000 கி.மீ.க்குச் சுமார் 400 மி.லி. குறையுது. நிறுத்துற இடத்துல ஒரு சொட்டுகூடக் கிடையாது. இன்ஜின் ஆயிலும் அதே 1,000 கி.மீ.ல 300 மி.லி. போகுது. ராத்திரி முழுக்க நின்ன வண்டியைக் காலையில ஸ்டார்ட் பண்ணினா 30, 40 நொடி குலுங்கி மிஸ் அடிக்குது, அப்புறம் தானா சரியாயிடுது. பகல்ல சூடா இருக்கும்போது எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணினாலும் வர்றதில்லை. ஸ்கேனர்ல வர்ற கோட் பி0303, அதாவது 3வது சிலிண்டர் மிஸ் அடிக்குது. காலை ஸ்டார்ட்ல சைலன்சர்ல லேசா நீலப் புகை, ஒரு நிமிஷத்துல நின்னுடும். ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் வெள்ளையா பசை மாதிரி இருக்கு. டிப்ஸ்டிக்ல ஆயில் நிறம் வழக்கம்போலத்தான். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டினதே இல்லை.

இதுவரை செஞ்சது: 4 பிளக்கும் புதுசு. 1, 3 காயில்களை இடம் மாத்திப் பார்த்தேன். கோட் 3லயே நின்னுடுச்சு, பி0301க்குப் போகலை.

ஒரு மெக்கானிக் வெள்ளைப் பசையைப் பார்த்துட்டு ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு போயிடுச்சுன்னு சொல்றார். இன்னொருத்தர் நீலப் புகையைப் பார்த்துட்டு பிஸ்டன் ரிங் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும்னு சொல்றார். ரெண்டு பேருமே கேஜ் எதையும் மாட்டிப் பார்க்கலை. ஹெட்டைக் கழற்றுறதுக்கு முன்னாடி எந்தெந்தச் சோதனையை எந்த வரிசையில செய்யணும்? கம்ப்ரஷன் கேஜ், கூலிங் சிஸ்டத்துக்குக் காற்றடிக்கிற கைப் பம்ப் ரெண்டும் கிடைக்கும்.

டேப்பட்கிளியரன்ஸ்:

காயிலை இடம் மாற்றிப் பார்த்தது நல்ல வேலை. பிளக்கும் புதுசு, காயிலும் குற்றவாளி இல்லை என்றால், உங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ராத்திரியில் 3வது சிலிண்டருக்குள் இறங்குவது எது? கூலன்டா, பெட்ரோலா, ஆயிலா? மூன்றுமே பிளக்கை நனைக்கும், மூன்றுமே காலையில் மட்டும் மிஸ் அடிக்க வைக்கும், மூன்றும் சில நொடிகளில் எரிந்து போய்விடும். கூலன்ட் குறைகிறது என்பதற்காக அதுதான் உள்ளே போகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கோளாறுகள் தனித்தனியாக இருப்பது சகஜம்.

வெள்ளைப் பசையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இன்ஜினுக்குள் உண்டாகும் நீராவி, எல்லாவற்றையும்விடக் குளிர்ந்திருக்கும் மூடியில் படிந்து ஆயிலோடு கலந்தால் இந்தப் பசை வரும். 4, 5 கி.மீ. மட்டும் ஓடி நிறுத்தும் வண்டிகளில் கேஸ்கெட் நன்றாக இருந்தாலும் இது உண்டு. ஆயிலுக்குள் கூலன்ட் இறங்கியிருந்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும், அளவும் ஏறும். உங்களுக்கு அளவு இறங்குகிறது, நிறம் மாறவில்லை. ஆனால் கேஸ்கெட் சரியாக இருக்கிறது என்பதற்கு இது சான்று ஆகாது. கூலன்ட் ஆயில் பக்கம் போகவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். சிலிண்டர் பக்கம் கசிந்தால் டிப்ஸ்டிக் கடைசிவரை சுத்தமாகவே இருக்கும்.

முதலில் வெளிக் கசிவு. கீழே சொட்டவில்லை என்றால் கசிவு இல்லை என்று பொருள் இல்லை, சூடான பாகத்தில் விழும் துளி ஆவியாகிப் போய்விடும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ, கூலன்டின் நிறத்திலோ உப்புப் படிந்திருக்கும், அதைத் தேடுங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பம்ப் சீல் தேய்ந்தால் அது வழியாகத்தான் ஒழுகும். டைமிங் பெல்ட் ஓட்டும் பம்பாக இருந்தால் கவருக்குள் ஒழுகிப் பெல்ட்டையே நனைக்கும், கவரின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அடுத்து ஹீட்டர் ரேடியேட்டர். உள்ளே கார்ப்பெட் ஈரம், முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பசையான பனி, இனிப்பு வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அதன்மேல் சந்தேகம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும் கூலன்ட் ஆவியாகவே போய்விடும். மூடியையும் அதே கைப் பம்பில் அடாப்டர் வைத்துச் சோதிக்கலாம். மூடியின் மேல் எழுதியுள்ள அழுத்தத்தை எட்டும் முன்பே காற்றை விட்டால் மாற்றிவிடுங்கள்.

வெளியே எதுவும் இல்லை என்றால் அழுத்தச் சோதனை. இதை அவசரப்பட்டு 10 நிமிடத்தில் முடிப்பதால்தான் பலருக்கும் விடை கிடைப்பதில்லை.

மாலையில் வண்டியை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி நிறுத்துங்கள். முழுக்கக் குளிர்ந்த பிறகே மூடியைத் திறக்கணும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். கூலன்டை அளவுவரை நிரப்பி, பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் அடியுங்கள். பெரும்பாலும் 0.9 முதல் 1.1 பார் வரை, சில வண்டிகளில் 1.4. அதற்கு மேல் போனால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி பிளந்துவிடும். 20 நிமிடம் கழித்து முள்ளைப் பாருங்கள். பம்பின் இணைப்பிலேயே கசிவு இல்லை என்பதைச் சோப்பு நீர் தடவி உறுதி செய்யுங்கள். இறங்கியிருந்தால் மறுபடி அடித்து, அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

காலையில் செல்ஃப் அடிக்க வேண்டாம். முதலில் 4 பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். பிறகு துளை வழியே போர்ஸ்கோப் கேமராவை விட்டு ஒவ்வொரு பிஸ்டன் தலையையும் பாருங்கள். கேமரா இல்லை என்றால் ஒவ்வொரு துளைக்கு நேராகவும் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு, சற்று ஒதுங்கி நின்று இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். காயில் இணைப்புகளும் ஃப்யூயல் பம்ப் ரிலேவும் கழற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் துளையிலிருந்து வருவது பெட்ரோல் ஆவி, ஒரு பொறி போதும்.

ஈரம் இருந்தால் அது எது என்று பிரிப்பது சுலபம். பெட்ரோல் வாடை அடித்து, பிளக் முனை கறுத்து ஈரமாக இருந்தால் இன்ஜெக்டர் ராத்திரியில் சொட்டுகிறது. வழவழப்பாக, பழுப்பாக இருந்தால் ஆயில். விரலில் ஒட்டி, இனிப்பு வாடையோடு, கூலன்டின் சாயம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். பிஸ்டன் தலைகளின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். மற்ற மூன்றில் கரி படிந்திருந்து 3வது மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால், அங்கே நெடுநாளாகக் கூலன்ட் ஆவியாகிக் கொண்டிருக்கிறது.

ஹெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த ஒரு ராத்திரிச் சோதனையைச் செய்தே ஆகவேண்டும்.

வேக்கம்கேஜ்:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். கம்ப்ரஷன் சோதனையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், அதைத் தப்பாகச் செய்து நல்ல இன்ஜினைப் பிரித்துப் போடுவது அடிக்கடி நடக்கிறது.

பேட்டரி முழு சார்ஜில், 12.5 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கணும். இன்ஜினை வேலைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, அலுமினிய ஹெட்டில் மரை உரியாமல் இருக்க 15 நிமிடம் ஆறவிட்டு, 4 பிளக்கையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றி அளந்தால் மற்ற மூன்றும் தடுத்துச் சுழற்சியைக் குறைக்கும். எரிபொருளையும் காயில்களையும் துண்டித்துவிடுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி வைத்திருக்கணும். த்ராட்டில் மூடியிருந்தால் உள்ளே காற்றே போகாமல் எல்லாம் குறைவாகவே காட்டும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் மிதித்தாலும் திறக்காமல் இருக்கலாம், கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை, 6 தடவை முள் துள்ளும் வரை செல்ஃப் அடியுங்கள்.

இறுதி எண்ணை மட்டும் எழுதாதீர்கள், முதல் துள்ளலில் எவ்வளவு காட்டியது என்பதையும் எழுதுங்கள். நல்ல சிலிண்டர் முதல் துள்ளலிலேயே பாதிக்கு மேல் ஏறிவிடும். ரிங் தேய்ந்திருந்தால் குறைவாகத் தொடங்கி ஒவ்வொரு துள்ளலிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வால்வு எரிந்திருந்தால் குறைவாகத் தொடங்கி அங்கேயே நிற்கும்.

இந்த வகை இன்ஜினில் 11 முதல் 14 பார் வரை எதிர்பார்க்கலாம், பிஎஸ்ஐயில் 160 முதல் 200. உங்கள் கேஜ் துல்லியமாக இல்லாமல் போகலாம், ஆகவே சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். மிக அதிகமான சிலிண்டரைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்ததைத்தான் சந்தேகிக்கணும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஊற்றினால் எரியறையின் இடமே குறைந்து, பொய்யாக ஏறிக் காட்டும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் மட்டும் ஒரே அளவில் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் நான்கும் சேர்ந்து கெட்டது என்று நினைக்க வேண்டாம்: த்ராட்டில், பேட்டரி, அடுத்து டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

லீக் டவுன் கேஜ் கிடைத்தால் இதைவிடத் தெளிவு. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, காற்றைச் செலுத்தி, எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்று பார்ப்பது. 10க்குள் இருந்தால் நன்று, 20க்கு மேல் போனால் கவலைப்படணும். சதவீதம் கருவிக்குக் கருவி மாறும், காதில் விழும் சத்தம் மாறாது. த்ராட்டிலில் உஸ்ஸென்று கேட்டால் இன்டேக் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடித் துளையில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவிட்டுக் காற்றைத் திறக்காதீர்கள். உச்சியிலிருந்து இம்மி நகர்ந்திருந்தாலும் கிராங்க் திடீரென்று சுழலும், ஸ்பேனர் கையை உடைத்துவிடும். டாப் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கம்ப்ரஷன் நன்றாக வந்தால் ரிங் பேச்சு முடிந்தது என்று கிட்டத்தட்டச் சொல்லலாம். கேஸ்கெட் பேச்சு மட்டும் முடியாது.

பிசிவிவால்வு:

ஆயில் குறைவதற்கும் நீலப் புகைக்கும் என் பங்கு. புகை எப்போது வருகிறது என்பதே பாதி விடை. ராத்திரி நின்று காலையில் ஒரு மூச்சு நீலமாக வந்து நின்றுவிட்டால் வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர்): ஹெட்டில் தங்கிய ஆயில் கெட்டிப்பட்ட சீல் வழியே இறங்கி வால்வின் முதுகில் காத்திருக்கும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மிதிக்கும்போது குபுக்கென்று வந்தாலும் சீல் அல்லது வால்வு கைடு. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க விடாமல் வந்தால்தான் ரிங். நீங்கள் சொல்லும் அடையாளம் சீல் பக்கம் சாய்கிறது.

அதற்கு முன் பிசிவி வால்வை (கிராங்க்கேஸில் சேரும் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) கழற்றிக் குலுக்குங்கள், கடகடவென்று கேட்கணும். அடைத்திருந்தால் கிராங்க்கேஸில் அழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடியடியில் அந்த வெள்ளைப் பசையும் சேரும். ஐட்லிங்கில் ஆயில் மூடித் துளைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி, ஊதித் தள்ளினால் அடைப்பு அல்லது ரிங். குழாய்களையும் பாருங்கள், 20 வருட ரப்பர் உள்ளேயே உப்பி மூடிக்கொண்டிருக்கும்.

ஸ்பேனர்14:

இவ்வளவு சிரமம் எதற்கு? ரேடியேட்டரில் ஊற்றும் கசிவு அடைப்பான் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றிப் பாருங்களேன். நின்றால் நல்லது, நிற்காவிட்டால் அப்புறம் ஹெட்டைக் கழற்றலாம்.

டேப்பட்கிளியரன்ஸ்:

@ஸ்பேனர்14, சோதனை முடியும் முன் ஊற்றவே கூடாது. நாம் தேடும் கசிவைத் தற்காலிகமாக அடைத்துவிட்டால் அழுத்தச் சோதனை பொய் சொல்லும். அது கசியும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அடைப்பதும் இல்லை. ஹீட்டர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள், தெர்மோஸ்டாட்டின் சிறு துளை என்று குறுகலான இடமெல்லாம் போய்ப் படியும். பிறகு முள் உண்மையிலேயே ஏற ஆரம்பிக்கும். இன்று கேஸ்கெட் மட்டும் மாற்றினால் தீரும் ஹெட், ஓவர்ஹீட் ஆகி வளைந்துவிட்டால் வேலை இரட்டிப்பு.

நாலுசிலிண்டர்:

எல்லாச் சோதனையும் முடிஞ்சுது. அளவுகள் இதோ.

பிசிவி வால்வு முழுக்க அடைச்சிருந்தது, மாத்தியாச்சு. வாட்டர் பம்ப், ஹோஸ், ஹீட்டர் பக்கம் எங்கேயும் உப்புப் படிவு இல்லை. மூடி 1.1 பார், தாங்குது.

கம்ப்ரஷன், சூடான இன்ஜின், த்ராட்டில் முழுக்கத் திறந்து, 6 துள்ளல்: 1ல் 12.4 பார், 2ல் 12.3, 3ல் 12.0, 4ல் 12.5. எல்லாத்துலயும் முதல் துள்ளலே 7க்கு மேல.

ரேடியேட்டர் வாயில வச்சுப் பார்க்குற நீலத் திரவச் சோதனையும் செஞ்சேன். 10 நிமிஷம் ஐட்லிங்ல விட்டுப் பார்த்தேன், நிறம் மாறலை. நீலமாவே இருந்தது.

அழுத்தச் சோதனையில 1.0 பார் அடிச்சேன். 20 நிமிஷத்துல 0.85க்கு இறங்கிடுச்சு. மறுபடி 1.0க்கு ஏத்தி ராத்திரி விட்டேன். காலையில 0.3 தான் இருந்தது. 3வது பிளக் முனையில பச்சையா ஈரம், பிசுபிசுன்னு இருக்கு, இனிப்பு வாடை. கேமராவுல 3வது பிஸ்டன் தலை அலுமினியம் தெரியுற அளவுக்குப் பளபளன்னு இருக்கு, மத்த மூணும் கறுப்பு.

குழப்பம் என்னன்னா, கம்ப்ரஷனும் சரி, நீலத் திரவமும் சரி, கேஸ்கெட் நல்லா இருக்குன்னுதானே சொல்லுது?

வேக்கம்கேஜ்:

குழப்பமே வேண்டாம், உங்கள் சோதனைகள் ஒன்றோடொன்று முரண்படவில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்வியைக் கேட்கிறது.

கம்ப்ரஷன் சோதனை சில நொடிகளே நடக்கிறது. மயிரிழைக் கசிவு வழியே அந்த நேரத்தில் போகும் காற்று, கேஜில் தெரியும் அளவுக்கு வராது. அதே மயிரிழையில் 1 பார் அழுத்தத்தில் ராத்திரி முழுக்கக் கூலன்ட் நுழைந்தால் 10, 20 மி.லி. சேர்ந்துவிடும், பிளக்கை நனைக்க அதுவே தாராளம். உங்கள் 3வது சிலிண்டர் மற்றவற்றைவிட 0.3 முதல் 0.5 பார் குறைவு. அதைத் தனியாகப் பார்த்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நீலத் திரவத்தில் இருப்பது புரோமோதைமால் நீலம். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு பட்டால் மஞ்சளாகும். ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, இன்ஜின் சூடானதும் உலோகம் விரிந்து இடுக்கு இறுகியும் விடும், வாயு கூலன்டுக்குள் தள்ளப்படாமலே போகலாம். ஏற்றத்தில் ஓட்டிச் சூடேற்றி வந்து, 2,500 ஆர்பிஎம்மில் சில நிமிடம் வைத்துச் செய்திருந்தால் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. கூலன்ட் மட்டத்தைச் சில செ.மீ. இறக்கிவிட்டுத்தான் செய்யணும், திரவத்துக்குள் கூலன்ட் ஏறினால் சோதனை கெட்டுவிடும். எப்படியும், மஞ்சளானால் கசிவு உறுதி. நீலமாகவே இருந்தால் கசிவு இல்லை என்று உறுதி கிடையாது.

பச்சையாக ஈரம், கழுவின பிஸ்டன், அழுத்தம் இறங்கியது, மூன்றும் ஒரே சிலிண்டரில். கூலன்ட் 3வது சிலிண்டருக்குள்தான் போகிறது. அது கேஸ்கெட்டா, ஹெட்டில் விரிசலா என்பதை ஹெட்டைக் கழற்றினால்தான் சொல்ல முடியும். ரிங் நன்றாக இருக்கிறது, இன்ஜினை இறக்க வேண்டாம். 300 மி.லி. ஆயிலுக்கு அடைத்திருந்த பிசிவியும் கெட்டியான ஸ்டெம் சீலும் போதுமான காரணம்.

டேப்பட்கிளியரன்ஸ்:

ஹெட் கழற்றும் வேலைக்குச் சில குறிப்புகள். இதில் எதைத் தவிர்த்தாலும் ஆறு மாதத்தில் அதே வேலை திரும்பி வரும்.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகே கழற்றணும். ஹெட் போல்ட்களை வெளிப்புறத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். சூட்டோடு, ஒரே பக்கமாகக் கழற்றினால் நல்ல ஹெட்டும் வளையும். பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 3வது சிலிண்டரின் வளையத்தில் எங்கே கறுப்பு ஓடியிருக்கிறது, எங்கே துரு என்று பாருங்கள், அதற்கு நேர் மேலே ஹெட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கசிந்த தடம் கேஸ்கெட்டில் தெரியவில்லை என்றால் விரிசலைத்தான் தேடணும்.

துல்லியமான இரும்புப் பட்டையை ஹெட்டின்மேல் நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். பல இன்ஜின்களில் 0.05 மி.மீ. தான் எல்லை, உங்கள் மேனுவலில் உள்ளதே இறுதி. பிளாக்கின் மேல்பரப்பையும் அதேபோல் அளக்கணும், இதைப் பலர் செய்வதே இல்லை. வளைந்திருந்தால் லேத்தில் ஃபேசிங் போடலாம் (பரப்பைச் சமமாகச் சீவுவது), குறைந்தபட்ச உயரம் மேனுவலில் இருக்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் ஹெட்டின் தண்ணீர் வழிகளை அடைத்து, காற்றடித்து, வெந்நீர்த் தொட்டியில் மூழ்கடித்துக் குமிழி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே வரும் விரிசல் சில நேரம் சூட்டில்தான் திறக்கும்.

ஹெட் வெளியே இருக்கும்போதே ஸ்டெம் சீல் எல்லாவற்றையும் மாற்றி, கைடில் வால்வு ஆடுகிறதா பார்த்து, லேப்பிங் (வால்வையும் சீட்டையும் உரசிப் பொருத்துவது) போட்டுவிடுங்கள். போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் வைத்து, எரியறைப் பக்கம் ஈரம் வராவிட்டால் வால்வு சரியாக உட்கார்ந்திருக்கிறது.

பிளாக்கில் ஒட்டியிருக்கும் கேஸ்கெட்டைப் பிளேடைப் படுக்க வைத்தோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ எடுங்கள். மெஷினில் மாட்டிச் சுழற்றும் தேய்ப்புத் தட்டு வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் துகள் ஆயில் வழிக்குள் போய் பேரிங்குகளைத் தின்றுவிடும், பரப்பிலும் பள்ளம் விழும். போல்ட் துளைகளில் ஒரு சொட்டு ஆயிலோ கூலன்டோ தேங்கியிருக்கக் கூடாது. முடுக்கும்போது திரவத்துக்குப் போக வழியில்லாமல் பிளாக் வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் டார்க் ரென்ச் முழு எண்ணைக் காட்டும், ஹெட் மட்டும் இறுகியிருக்காது.

நீண்டு இறுகும் வகைப் போல்ட் என்றால் புதிது மட்டுமே. முடுக்குவது நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, முதலில் நியூட்டன் மீட்டர் கணக்கில், பிறகு டிகிரி கணக்கில். எத்தனை, எந்த வரிசை என்பதை உங்கள் இன்ஜினின் மேனுவலில் பார்த்து மட்டும் செய்யுங்கள். மேனுவல் சொல்லாத வரை கேஸ்கெட்டில் எந்தப் பசையும் தடவக் கூடாது.

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் இப்போதே மாற்றுங்கள், அந்தப் பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் முன் கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா பாருங்கள். கூலன்ட், காய்ச்சி வடித்த நீர் பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஏர்லாக் எடுங்கள். ஆயிலும் ஃபில்டரும் புதுசு, 500 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை. கழற்றும்போது ஆயில் பக்கம் கொஞ்சமாவது கூலன்ட் இறங்கியிருக்கும்.

நாலுசிலிண்டர்:

ரொம்ப நன்றி. வேலைக்கு விட இன்னும் 10 நாள் ஆகும். அதுவரை ஓட்டலாமா?

வேக்கம்கேஜ்:

முடிந்தவரை வேண்டாம். சிலிண்டருக்குள் கூலன்ட் எரிந்து போவது ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் பூச்சுப் படிய வைத்துக் கெடுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. ஒரு ராத்திரியில் எரியறையின் கொள்ளளவுக்கு மேல் கூலன்ட் சேர்ந்துவிட்டால், மற்ற சிலிண்டர்கள் எரிந்து தள்ளும் வேகத்தில் 3வது கனெக்டிங் ராட் வளைந்துவிடும். உங்கள் கசிவு இன்று சிறியது, நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

நகர்த்தியே ஆகவேண்டும் என்றால், காலையில் 3வது பிளக்கைக் கழற்றி, பெட்ரோலையும் காயில்களையும் துண்டித்து, 5 நொடி செல்ஃப் அடித்து உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு, பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். எந்த நேரத்திலும் செல்ஃப் டக்கென்று முட்டி நின்றால் இரண்டாவது தடவை அடிக்காதீர்கள், உடனே பிளக்கைக் கழற்றுங்கள். கூலன்ட் மட்டம் தினமும் குளிர்ந்த இன்ஜினில். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் காலையில் அமுக்கியும் பாருங்கள். ராத்திரி முழுக்க ஆறிய பிறகும் கல் மாதிரி இருந்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் புக ஆரம்பித்துவிட்டது, அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள்.